வலது கையிலயே எடும்மா

பரவால்லம்மா, வலது கையிலயே இன்னொரு தடவ குத்திப் பாரு. நரம்பு கெடைக்கலன்னா என்ன இப்ப, எனக்கொண்ணும் அவசரமில்ல. இடது கை வேணாம். வேணாம்னா விடேன்.

பேரு என்ன, தேவதர்ஷினியா? அட, கோட்டுலயே எழுதியிருக்கு, நான் ஒருத்தி. நான் டோரதி. பொன்மலையில தையக்கடை. அந்தா, கதவுக்கு வெளிய வீல்சேர்ல இருக்கா பாரு, பச்ச சுடிதார், அவதான் என் தங்கச்சி பேட்ரிசியா. சுடிதாரும் நான் தச்சதுதான். அவளுக்கு வந்த நரம்பு நோய எம்.எஸ்.னு டாக்டர் சொன்னப்ப, யாரோட இனிஷியலோன்னு நெனச்சேன்.

ஆறு வருஷமாச்சு. ஸ்ரீரங்கத்துல டீச்சரா இருந்தா. ஒன்னாம் நம்பர் பஸ்ஸ விட்டு எறங்கறப்ப ஒத்தச் செருப்பு கழண்டுருக்கு, அவளுக்குத் தெரியல. சித்திர வெயில்ல ஸ்கூல் வரைக்கும் அப்படியே நடந்திருக்கா. பிள்ளைங்க சொல்லித்தான் கீழ குனிஞ்சு பாத்திருக்கா. கால் மரத்துப்போச்சுக்கான்னு வீட்ல வந்து சிரிக்கிறா. நானும் சேந்து சிரிச்சேன். இப்ப நெனச்சா என்னையே அறையணும் போல இருக்கு.

நீங்களும் நல்லாத்தான் பேசுறீங்க. ரத்தம் எடுக்கறதும் நரம்புங்கறீங்க, அவளுக்குக் கெட்டுப்போனதும் நரம்புங்கறீங்க.

ம், சொன்னாரு, சொன்னாரு, உங்க டாக்டர் எல்லாம் வெளக்கமாத்தான் சொன்னாரு. ஒடம்புக்குள்ள காவலுக்கு இருக்கற அணுவெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பிக்குமாம். அந்தச் சேதி சம்பந்தப்பட்ட மரபணுவுல ஒரு எழுத்து மாறியிருந்தா, காவலுக்கு இருக்கறதே நம்ம நரம்பக் கடிக்கலாமாம். லாம், லாம்னுதான் சொல்றாரு மனுஷன். அந்த எழுத்து இருந்தும் ஒண்ணும் வராதவங்கதான் நெறைய பேராமே. அதான் ஆராய்ச்சிக்குக் கூடப் பொறந்தவங்க ரத்தமும் வேணுமாம். நோய் வந்தது ஒண்ணு, வராதது ஒண்ணு. வராததுல என்னைய எழுதிட்டீங்க.

அதுல அவளுக்கு அவ்ளோ சந்தோஷம். தெனம் செபமால முடிஞ்சதும், எனக்கு வந்தது எங்கக்காவுக்கு வரல, நன்றி ஆண்டவரேன்னு சொல்லுவா. எனக்குக் கேக்கணும்னே சத்தமா சொல்லுவா, கழுத. அவளத் தூக்கறது, குளிப்பாட்டறது, ஊட்டறது எல்லாம் நான்தாம்மா. எங்களுக்கு வேற ஆளு கெடையாது.

என்ன, இதுலயும் வரலையா? சரி விடு. இந்தா, இடது. குத்து. வெரல்ல கட்டா? ஒண்ணுமில்ல, தையல் மெஷின் ஊசி. போன வாரம் புதுநன்ம கவுன் தச்சுட்டிருந்தேன், சர்ச்சுல மொதத் தடவ நன்ம வாங்கப்போற ஒரு சின்னப் பொண்ணுக்கு. வெள்ளத்துணியில செவப்பா ஒரு பொட்டு. எவடி குங்குமத்தக் கொட்டினதுன்னு கடைப் பொண்ணுங்கள சத்தம் போட்டேன். அப்புறம் பாத்தா ஊசி என் வெரலுக்குள்ள நிக்குது.

கிறிஸ்துமஸ்லேர்ந்தே இந்தக் கை இப்படித்தான். வேற எதுவா வேணாலும் இருக்கலாம்னு சொல்லாத. அவளுக்கும் மொதல்ல வைட்டமின் கொறச்சல்னுதான் மாத்திர குடுத்தாங்க. யார்கிட்டயும் வாயத் தெறக்கல நான். அழுகையும் வரல. நாளைக்கு அவள யாரு தூக்குவா, என்னைய யாரு தூக்குவான்னு யோசிக்க உக்காந்தா, யோசனயும் ஓட மாட்டேங்குது.

பயப்படாம குத்தும்மா, வலிக்காது.

எடுத்துட்டியா? எப்பம்மா குத்தின?

சரி, பஞ்ச நான் பிடிச்சுக்கறேன். அந்த ஃபாரத்த எடு, நான் கையெழுத்துப் போட்டது. ஆரோக்கியமானவர்னு ஒரு எடத்துல டிக் அடிச்சிருக்குல்ல, அத கோடு போட்டு அடிச்சிட்டுத் தரேன். என்னால உங்க ஆராய்ச்சி தப்பாயிடக் கூடாது. பேனா குடு. இரு இரு, அதுக்கு முன்னாடி அந்தக் கதவ சாத்திட்டு வா. அவ இங்கயேதான் பாத்துட்டிருக்கா.