பூட்டு இல்லாத கிருமி

உங்க பெட்டி என் மடியிலயே இருக்கட்டும் சார், கனமொண்ணும் இல்ல. பெங்களூர் பஸ்சுதான? டிரைவரு இப்பத்தான் டீ குடிக்கப் போறாரு. மாட்டுத்தாவணியில எந்த பஸ்சு சொன்ன நேரத்துக்குக் கெளம்பியிருக்கு? உக்காருங்க.

என்னைய அடையாளம் தெரியலையா? நாந்தான் ரவிசங்கர் சார், சாயப்பட்டறை. உங்ககிட்ட பிஎச்டி பண்றாளே இந்துப்ரியா, அவ அப்பா. ஆமா, ஒரு வாரமா அவ காலேஜுக்கு வரலதான். சொல்றேன், சொல்றேன்.

எங்க ஜனத்துக்குச் சாயந்தான் சோறு. ஆனா கழிவுத்தண்ணி வாய்க்கால்ல செக்கச்செவேல்னு ஓடும். வயக்காரவுக வந்து சண்ட போடுவாக. அவுக மாடு குடிக்கிற தண்ணியாச்சே, நியாயந்தான? அப்பத்தான் எம்மக சொன்னா, அப்பா, சாயத்தத் திங்கிற கிருமி ஒண்ணு செய்யுறோம், தொட்டியில விட்டா தண்ணி தெளிஞ்சுரும்னு. அது வாய்க்காலுக்குப் போயிட்டா என்னாகும் பாப்பான்னு கேட்டேன். சிரிச்சா. அதுக்குத்தாம்பா பூட்டுப் போட்டிருக்கேன்னா. கிருமிக ஒண்ணுக்கொண்ணு ஜீனக் குடுத்து வாங்கிக்கிருமாமே? அதனால நம்ம ஜீனுகூட ஒரு வெசத்தயும் சேத்துக் கட்டிவச்சிருக்கா. அந்த வெசத்துக்கு முறிவு நம்ம கிருமிகிட்ட மட்டுந்தான் இருக்கும். வேற கிருமி அத வாங்குனா அங்கனயே செத்துரும். சரியாச் சொல்றனா சார்?

ம். அந்தப் பூட்டு வேகத்தக் கொறைக்குதுன்னு எடுத்தது நீங்க. இல்லைங்கிறீங்களா? போன்லயும் இப்படித்தான் சொன்னீங்க. பூட்டு இல்லாததக் கேன்ல கொண்டாந்து நீங்களே எங்க தொட்டியில ஊத்துனீங்க சார். நான் பக்கத்துலதான நின்னேன். தண்ணி கண்ணாடி கணக்கா தெளிஞ்சுச்சு. வேடிக்க பாக்க வந்தவுக அம்புட்டுப் பேரும் கை தட்டுனாக. எம்மக மட்டும் தட்டல.

அதுக்கப்புறம் தெனமும் வாய்க்கால்ல எறங்கிருவா. சேத்த அள்ளுவா, பாட்டில்ல தண்ணி புடிப்பா. ஒருநா வெளுத்துப்போயி வந்து நின்னா. சேத்துக் கிருமியிலயெல்லாம் நம்ம ஜீனு ஏறிருச்சுப்பான்னா. உங்ககிட்டயும் சொன்னாள்ல? சாயத்தத்தான திங்குது, தின்னுட்டுப் போகட்டும்னீங்களாம்.

எந்திரிக்காதீங்க. படிக்கட்டுல நிக்கிறது என் தம்பிதான், ஒண்ணும் பண்ண மாட்டான். நானும் சண்டைக்கு வரல.

வாய்க்கால்ல ஒடஞ்ச பாட்டிலு அவ கால்ல கீறிருச்சு சார். சின்னக் காயந்தான். இப்ப தொட வரைக்கும் கறுத்து வீங்கி, பெரியாஸ்பத்திரியில நெனவில்லாமக் கெடக்கா. எந்த மருந்தும் கேக்கல. புண்ணுல இருக்குறது சாதாரண சேத்துக் கிருமிதானாம். அது எப்பிடி இம்புட்டு மருந்தயும் தாங்குதுன்னு டாக்டருக்கு வெளங்கல. ஜீனு ஏறிருச்சான்னு பாக்குறதுக்காக, மருந்தத் தாங்குற ஜீனையும் கூடவே வைப்பீங்களாமே? அவ செஞ்சதுல எது இருந்துச்சுன்னு அவகூடப் படிக்கிற தேவிகா சொல்லிருச்சு. நீங்க மாத்திச் செஞ்சதுல எதெது இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியுமாம். டெஸ்ட்டு ரிப்போர்ட்டு வர்ற வரைக்கும் தாங்க மாட்டாளாம்.

இந்தாங்க செல்லு, டாக்டர் லைன்ல இருக்காரு. எந்தெந்த மருந்து கேக்காதுன்னு பேர மட்டும் சொல்லுங்க. எம்மகளுக்காக மட்டும் கேக்கல சார். காலையில பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பொம்பள வந்திருக்கு. நம்ம வாய்க்காத் தண்ணி பாயுற வயல்ல நாத்து நடப் போன எடத்துல முள்ளுக் குத்திருச்சாம். அதே வீக்கம்.