மீனின் மறுபாதி

எனக்கு மின்விசிறிச் சத்தம் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இதை முதலில் எழுதிக்கொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும், ஐயா.

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கல்லிலிருந்து மீன் எடுக்கிறேன். மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே செத்துக் கல்லாகிப்போன எலும்பு மீன்கள். உருப்பெருக்கியில் கண், கையில் ஊசி. கை நடுங்கினால் போச்சு.

வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு தடவை நடுங்கியது. ஒரு மீனின் வால் பொடிப்பொடியாகிவிட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்தப் பொடியையே பசையில் குழைத்து ஒரு வால் செய்து வைத்தேன். மேல் மடல் நீளம், கீழ் மடல் குட்டை; பார்க்க லட்சணமாக இருந்தது. அந்த வாலை வைத்துத்தான் இது புது இனம் என்று ஆராய்ச்சியாளர்கள் முடிவு செய்தார்கள். நுழைவாயில் பலகையில் இன்றும் அந்த மீன்தான். இதில் என் தப்பு என்ன இருக்கிறது? நான் வாயே திறக்கவில்லை.

என் மனைவியின் தம்பியை நான்தான் சிபாரிசு செய்து வேலையில் சேர்த்தேன். கெட்டிக்காரன். பக்கத்து அமில அறை அவன் பொறுப்பு. அமிலத்தில் ஊறப்போட்டால் கல் கரையும், எலும்பு நிற்கும். கரையும்போது கிளம்பும் வாயு மூச்சை அடைக்கும் என்பதால் அங்கே ஒரு விசிறி ஓடிக்கொண்டே இருக்கும்.

போன மாதம் அவன் கிடங்கைக் குடைந்து என் மீனின் மறுபாதியை எடுத்து வந்தான். கல்லைப் பிளக்கும்போது மீனும் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி என்னிடம் வந்தது. மற்றது தொலைந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். அவன் கொண்டுவந்த பாதியில் வால் இன்னும் கல்லுக்குள் மூடிக்கிடந்தது.

"அத்தான், இதை ஊறப் போட்டிருக்கேன். வால் வெளிய வந்ததும் ரெண்டையும் சேர்த்து வச்சு, கீழ உங்க பேரைப் போடச் சொல்லணும். இத்தனை வருஷம் உழைச்சிருக்கீங்க, ஒரு இடத்துலயும் உங்க பேர் இல்லையே" என்றான்.

என்ன பேச்சு பாருங்கள். அன்றிலிருந்து அவனைக் கண்காணித்தேன். என் மேசையைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்றான். வீட்டில் அக்காவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். நான் உள்ளே போனதும் நிறுத்திக்கொண்டான். சிரித்துக்கொண்டே குழி பறிக்கிறவர்களை எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருட மரியாதை, ஐயா.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. அவன் தொட்டியின் மேல் குனிந்திருந்தான். விசிறியின் அதிர்வு என் மேசைவரை வந்தது, கதவுக்கு வெளியே இருக்கும் சுவிட்சை அணைத்தேன். அந்தக் கதவு வேறு ஆடி ஆடி இடிக்கும். அதனால் வெளித் தாழ்ப்பாளையும் போட்டேன்.

கொஞ்ச நேரம் தட்டினான். "அத்தான், கதவு மாட்டிக்கிச்சு. விசிறியும் நின்னுபோச்சு, கொஞ்சம் பாருங்களேன்" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். என் கை நடுங்கவில்லை. ஒரு செதிலை முழுசாக எடுத்து முடித்தேன். மதியம், எங்கள் இருவருக்கும் மனைவி கட்டிக் கொடுத்த இரண்டு டப்பாக்களையும் நானே காலி செய்தேன். மிச்சம் வைத்தால் அவள் வருத்தப்படுவாள்.

பிறகு விசிறியைப் போட்டு, அறை தெளியும்வரை காத்திருந்து, அவனைத் தாண்டிப் போய்க் கல்லை எடுத்தேன். வால் வெளியே வந்திருந்தது. இரண்டு மடலும் ஒரே அளவு. மீன்தான் தப்பாக இருந்தது. ஊசியால் கீழ் மடலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிச் சரிசெய்துவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு உதவிக்கு ஆள் கூப்பிட்டேன்.