தனியாகத்தான் வந்தேன்

அதிகாலை நாலே கால். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கறுப்புத் தண்ணீர். படகின் அறைக்குள் மண்டியிட்டு, அத்தை காகிதத்தை மென்றுகொண்டிருந்தாள்.

பயணக் குறிப்பேட்டிலிருந்து கிழித்த ஒரே ஒரு தாள். உப்பு... மசிக் கசப்பு... தொண்டையில் இறங்க மறுத்தது. தண்ணீரில் எறிந்தால் மிதக்கும். சாதனையைச் சரிபார்க்கும் அதிகாரிகளின் மோட்டார் படகு இருநூறு அடிக்குள் வந்துவிட்டது. டப்... டப்... டப்...

"தாளைத் தின்னாங்களா? ஏன், பிஸ்கட் தீர்ந்துபோச்சா?" என்றார் மெக்கானிக்.

"சும்மா இருய்யா," பெயின்டர் அக்கா அதட்டினாள். "நீங்க சொல்லுங்கண்ணே."

படகுப் பாய் தைக்கும் பட்டறையில் கரண்ட் போய் ஒரு மணி நேரம். மழை விட்டபாடில்லை. தைத்து முடிக்காத பாயை ஆளுக்கொரு முனையாகப் போர்த்திக்கொண்டு மூன்று பேர். நடுவில் ஒரு டார்ச்.

"என் சிநேகிதனோட அத்தை," என்றார் தையல்காரர். "சொந்த அத்தை. நிஜமா நடந்தது."

பாய்மரப் படகில் தன்னந்தனியாக உலகைச் சுற்றி வர வேண்டும். எங்கும் நிற்கக் கூடாது. ஒரு கயிற்றை வேறொருவர் இழுத்துக் கொடுத்தால்கூடப் போச்சு, சாதனை கிடையாது. அதுவரை எந்தப் பெண்ணும் முடித்ததில்லை. அத்தைக்குப் பதினொரு வருஷமாக அதே வெறி.

தனியாகப் போகிறவர்களுக்குத் தூக்கம் இருபது நிமிடம்தான். அலாரம் அடிக்கும். எழுந்து நாலு திசையும் பார்த்து, குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு மறுபடி படுக்க வேண்டும். ராத்திரி பூரா இப்படித்தான். அசந்தால் ஏதாவது சரக்குக் கப்பல் ஏறி மிதித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

நூற்று எழுபதாம் நாள். காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. படுத்தாள்... கண் விழித்தபோது முகத்தில் வெயில். அலாரம் பேட்டரி தீர்ந்து செத்துக் கிடந்தது. ஏழு மணி நேரம்.

பதறிப்போய்க் குறிப்பேட்டைத் திறந்தாள்.

வரி வரியாக எழுதியிருந்தது. இருபது நிமிடத்துக்கு ஒன்று. ஒன்றுகூடத் தவறவில்லை. குண்டு குண்டான எழுத்து... அவளுடையதல்ல. 'கப்பல் இல்லை.' 'கப்பல் இல்லை.' 'காற்று கூடுகிறது. பாயைச் சுருக்கினேன்.' கடைசியில்... 'கப்பல் ஒன்று நேராக வந்தது. படகைத் திருப்பிவிட்டேன்.'

வெளியே எட்டிப் பார்த்தாள். பாய் சுருக்கித்தான் இருந்தது. அறைக்குள் ஈரக் கம்பளி வாசனை. அவளிடம் கம்பளியே கிடையாது.

மெக்கானிக் மெல்ல அக்கா பக்கம் நகர்ந்தார். "குளுருது, அதான்."

அந்தத் தாள்தான் இப்போது வயிற்றுக்குள் இறங்கியது. அதிகாரி படகில் ஏறினார்.

"ஒரு பக்கம் குறையுதே?"

"அலையில நனைஞ்சு கிழிஞ்சிருச்சு சார்."

"வழியில யாராவது உதவி பண்ணாங்களா?"

"ஒருத்தரும் இல்ல. தனியாத்தான் வந்தேன்."

அறைக்குள் தகரக் குவளை ஒன்று விழுந்து உருண்டது. கடல் தட்டையாகக் கிடந்தது. படகு ஆடவேயில்லை.

கைதட்டல், மேடை, பத்திரிகையில் படம். முதல் பெண் என்று பெயர் வந்துவிட்டது. நாலு வருஷம் கழித்து எதிர்த்திசையில் சுற்றக் கிளம்பினாள். முந்தின நாள்தான் தன் அண்ணியிடம், அதாவது சிநேகிதனின் அம்மாவிடம், தாளைத் தின்ற கதையைச் சொன்னாள். "மனசுக்குள்ளயாவது ஒரு நன்றி சொல்லியிருக்கலாம் அண்ணி. ஆளே இல்லைன்னுட்டேன்."

இருபத்து மூன்றாம் நாள் ராத்திரி ஒரு சரக்குக் கப்பல் அவள் படகை இரண்டாகப் பிளந்தது. பலகைகள் கிடைத்தன. அத்தை கிடைக்கவில்லை.



"கப்பல்ல இருந்தவனுக்குக் கண்ணு எங்க போச்சு?" அக்காவுக்குக் கோபம். "ஒரு ஹார்ன் அடிச்சிருந்தா எந்திரிச்சிருப்பாங்களே."

"பார்த்தான். தூரத்துலயே பார்த்தான். படகுல ஒருத்தி சுக்கானைப் பிடிச்சிட்டு நிக்கிறா. சரி, முழிச்சிருக்கா, விலகிடுவான்னு நினைச்சான். விலகல. கிட்ட வந்ததும் ஹார்ன் பட்டன்ல கைய வெச்சான்..."

"அடிக்கலையா?"

தையல்காரர் டார்ச்சைத் தரைப் பக்கம் திருப்பினார்.

"விசாரணையிலயும் இதையேதான் கேட்டாங்க. பட்டன் வேலை செய்யலன்னு பொய் சொன்னேன்."

மெக்கானிக் பாயின் முனையை விட்டுவிட்டார். "நீங்களா?"

"அன்னைக்கு அந்தக் கப்பல்ல நான்தான் காவல். சிநேகிதன் பழக்கமானதே அந்த விசாரணையிலதான்." குரல் அடங்கிவிட்டிருந்தது. "சர்ச் லைட்டைப் போட்டேன். ஈரக் கம்பளியைப் போர்த்தியிருந்தா. அவ நிமிர்ந்து என்னைப் பார்த்தா. அப்புறம் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தா. மறுபடி என் பக்கம் திரும்பி... சத்தம் போடாதேன்னு உதட்டுல விரலை வெச்சுக் காட்டினா.

"நானும்... பட்டன்லேர்ந்து கைய எடுத்துட்டேன்."