சார் வரலையா

— இன்னைக்கும் கதவைத் தொறந்ததும் அதே கேள்விடா. "சார் வரலையா?" டூல் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நாலு மாடி ஏறி மூச்சு வாங்க நிக்கிறேன், அந்தம்மா எனக்குப் பின்னாடி எட்டிப் பாக்குது.

— எந்த சார்க்கா?

— தெரியாத மாதிரி கேக்காத. நம்ம வெப்சைட்ல ஈன்னு இளிச்சுக்கிட்டு நிக்கிறானே, நீ எங்கயோ விலைக்கு வாங்கிப் போட்ட படம், அந்த சார்.

— அது சும்மா ஒரு பிராண்டுக்குக்கா. சின்னக் கடைக்காரங்க எல்லாரும் அப்படித்தான் வாங்கிப் போடுறாங்க.

— வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்றவன் எதுக்குடா மஞ்சள் ஹெல்மெட் போட்டிருக்கான்? மெஷின் இடிஞ்சு தலையில விழுமா?

— அது சேஃப்டிக்கா. பாக்கிறவங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்.

— கையில ஒரு பொட்டு கிரீஸ் இல்ல. ஸ்பேனரைப் பூங்கொத்து மாதிரி பிடிச்சிருக்கான். அவன் மேல நம்பிக்கை, என் மேல சந்தேகம். நல்லா இருக்குடா நியாயம்.

— சரி, அந்தம்மாகிட்ட என்ன சொன்ன?

— சாருக்குக் காய்ச்சல்னு சொன்னேன். போன தடவை கால் சுளுக்குன்னு சொல்லியிருந்தேன் போல. அதை ஞாபகம் வெச்சிருந்து, "பாவம், ஒண்ணு மாத்தி ஒண்ணு வருதே"ன்னு கண்ணு கலங்குது. சாருக்குக் குடுங்கன்னு ஆப்பிள் வேற. இந்தா, பையில இருக்கு, தின்னு.

— நல்ல ஆப்பிளா இருக்கேக்கா.

— இருக்கும். டிரம்மைக் கழட்டி பேரிங் மாத்தினவ நான், ஆப்பிள் அவனுக்கு. எனக்கு வயிறு எரியுது.

— கோச்சுக்காதக்கா.

— முழுசாக் கேளு. பக்கத்துத் தெருவுல பல் டாக்டர் புதுசா போர்டு வெச்சிருக்காரு. அதுல யாருன்னு நெனக்கிற? நம்மாளு. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டு அதே இளிப்பு.

— அடக் கொடுமையே.

— மத்தியானம் ஒருத்தர் போன் பண்ணி, "உங்க ஓனர் பல்லும் பாப்பாராமே, எத்தனை மணிக்கு இருப்பாரு?"ன்னு கேக்குறாரு.

— நீ என்ன சொன்ன?

— காலையில பல்லு, சாயங்காலம் மெஷின்னேன். வேற என்ன சொல்லச் சொல்ற?

— சரி, அவனைத் தூக்கிடுறேன். ஹெல்மெட் இல்லாம வேற ஆளாப் பாத்து வாங்குறேன்.

— வேற ஆள் எதுக்கு? நான் குத்துக்கல்லு மாதிரி இங்கதானே இருக்கேன். ஆரம்பத்துல என் படத்தைத்தானே போட்டிருந்த. நீயே எடுத்தது. மெஷினைப் பிரிச்சுப் போட்டுட்டு நடுவுல உக்காந்திருப்பேன். ஒரே மாசத்துல அதை ஏன் தூக்கின?

— அது... வெளிச்சம் சரியில்லக்கா.

— பகல்ல இன்னொண்ணு எடு.

— எடுக்கலாம். போன் கேமரா கொஞ்சம்...

— மென்னு முழுங்காதடா. அக்கா மெக்கானிக்குன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சுடும்னு வெட்கமா இருக்கா உனக்கு?

— சத்தியமா இல்லக்கா.

— பின்ன என்ன? போன வாரம் ஒரு வீட்ல கம்பிக் கதவைக்கூடத் தொறக்கல. "சாரையே அனுப்புங்க, நாங்க காத்திருக்கோம்"னு உள்ள இருந்தே சொல்லிட்டாங்க. இது நான் ஆரம்பிச்ச தொழில்டா. இதுல என்னையே எடுபிடி ஆக்கி வெச்சிருக்க. என் மூஞ்சியைப் பாத்தா எவனும் கூப்பிட மாட்டான்னு நெனக்கிறியா?

— நான் அப்படிச் சொல்லலையே.

— சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். என் படம் இருந்த அந்த ஒரு மாசத்துல ரெண்டு பேர் கூப்பிட்டாங்க, மறந்துட்டியா? "படத்துல இருக்கிறவங்க நீங்கதானே"ன்னு உள்ள கூப்பிட்டு நாற்காலி போட்டாங்க. ரெண்டு வீட்லயும் சார் எங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சந்தோஷத்துல அழுதேன்டா நான். இதுக்கு என்ன சொல்ற?

— விடுக்கா.

— விட மாட்டேன். இன்னைக்கு நீ பதில் சொல்லியே ஆகணும்.

— அந்த ரெண்டு பேரும் என் ஆபீஸ் ஆளுங்கக்கா. ரெண்டு வீட்டு மெஷினும் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் போய் வயரைக் கழட்டி விட்டுட்டு வந்தேன்.