தட்டிக்கு அந்தப்பக்கம் கேட்ட சிரிப்பு

ஹலோ... ஞாயித்துக்கிழமை கோயில்ல நான் எந்திரிச்சு நிக்கயில நீங்களும் என் பக்கத்துல நிக்கணும். அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்...

ஆமா, ஞானப்பூதான். அருப்புக்கோட்டையிலிருந்து வேற யாரு உங்களுக்கு டிரங்க் கால் போடுவா?... தெரியும். நல்லாவே தெரியும். கலியாணத்துக்கு முந்தி பொண்ணு மாப்பிள்ளைகிட்ட வாயைத் திறக்குறதே தப்பு. இது வேணும்னு கேக்குறது அதைவிடத் தப்பு. எங்க அப்பா நேத்துப் பூராவும் அதைத்தான் சொன்னாக. "தாயி, எதை வேணாலும் செய்யி, மாப்பிள்ளையை மட்டும் இதுல இழுத்துறாத." நான் எங்க இழுத்தேன்? நீங்க முதல்லயிருந்தே உள்ளதான இருந்தீக. பாளையம்பட்டி சினிமாக் கொட்டகையில, ஆம்பளைக பக்கத்து மணல்ல...

ஜமால் மைதீன் பாய் நூல் கடையிலிருந்து பேசுறேன்... இருக்காக. பக்கத்துலதான் உக்காந்திருக்காக. கேட்டாக் கேக்கட்டும். சபை முழுக்கக் கேக்கப்போற சங்கதிதானே... உங்க மதுரை ஆபீஸ்ல ஆள் இருந்தா நீங்க ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பேசிக்கிடுறேன்.

போன ஞாயித்துக்கிழமை கோயில்ல நம்ம கலியாணத்தை அறிவிச்சு முதல் ஓலை வாசிச்சாக. சரிதானே?... இன்னும் ரெண்டு ஞாயிறு வாசிக்கணும்... உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். வரிசையாச் சொன்னாத்தான் எனக்குக் கோவம் சிதறாம வரும். ஓலையை வாசிச்சு முடிச்சு, தடை இருக்கிறவுக வந்து சொல்லலாம்னு போதகர் சொன்னாக. சாயங்காலமே உபதேசியார் வீட்டம்மா போயிச் சொல்லிட்டாக. பொண்ணு கொட்டகைக்குப் போயிப் படம் பாத்தவ, சபைக்கு முன்னால நின்னு பாவ அறிக்கை செய்யாம ரெண்டாவது ஓலை வாசிக்கக் கூடாதுன்னு...

இல்ல, அந்தம்மா பொய் சொல்லல. படம் விட்டு வெளிய வரயில வாசல்ல வச்சுப் பாத்திருக்காக. உங்க தங்கச்சி சவுந்தரம் முக்காடு போட்டிருந்தா. நான் போடல... போதகர் கூப்பிட்டுக் கேட்டாக, பாத்தேன்னு சொன்னேன்... ஏன் ஒத்துக்கிட்டேனா? பாத்ததைப் பாத்தேன்னுதான சொல்லணும்.

நான் செஞ்ச கிறுக்குத்தனம் ஒண்ணு உண்டு. அதையும் சொல்லிறேன். போதகர், பாத்தியா பாக்கலயான்னுதான் கேட்டாக. நான், பாத்தேன், மட்டமான படம்னு சொல்லிட்டேன். ஏன் மட்டம்னும் சொல்ல ஆரம்பிச்சுட்டேன். "உன்கிட்ட மனந்திரும்புதலைக் கேட்டா நீ அபிப்பிராயம் சொல்றியே"ன்னாக. போதகரம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பாத்து, கடைசியில அந்தப் பொண்ணு புருஷன் வீட்டுக்குத் திரும்பி வந்தாளான்னு கேட்டாக. அவுகளை உள்ள போகச் சொல்லிட்டாக...

சிரிக்காதீக. இன்னைக்கு நீங்க சிரிக்கக் கூடாது.

படம் பாக்குறதே பாவம்னா எனக்கு அதுல பெரிய வழக்கு இல்ல. நான் என்ன வாரா வாரம் போறவளா? காலேஜ்ல இருக்கையில ரெண்டு, ஊருக்கு வந்து ஒண்ணு, அம்புட்டுதான். மூணையும் பாத்தவரைக்கும் பாவம்னு சொல்ற அளவுக்குக்கூட அதுகள்ல சரக்கு கிடையாது... சொல்லத்தான் செய்வேன். படம் பாத்தேன்னு தண்டனை உண்டுன்னா, பாத்த படத்தைப் பத்திப் பேசுற உரிமையும் உண்டு.

அந்த ராஜா படம் நீங்களும் பாத்தீகல்ல... ஊரே பாத்துச்சு. ராஜகுமாரனுக்கு எங்க அப்பா வயசு இருக்கும். அந்த ஆளு குதிரையில ஏறுன கஷ்டம் குதிரை மூஞ்சியில தெரிஞ்சுச்சு. யுத்தத்தால ஃபிலிம் கிடைக்கல, படத்தைச் சுருக்கி எடுங்கன்னு சர்க்கார் சொல்லியிருக்காம். இவுக கதையைச் சுருக்கிட்டாக, பாட்டைச் சுருக்கல. எதிரி கோட்டைக்குள்ள வந்துட்டான், ராணி இன்னும் பாடி முடிக்கல. வந்தவனும் வாளை ஊனிக்கிட்டு நின்னு தலையை ஆட்டுறான்... ஆமா, பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. பாட்டு கேக்கணும்னா கச்சேரிக்குப் போறேன். இதுக்கு எதுக்கு ஒரு கோட்டை?

அதுக்கடுத்தது அந்த மோதிரத்துப் படம். ஹாஸ்டல்ல பூரா பேரும் அழுதாளுக. யாரோ ஒரு ஆம்பளை மோதிரம் கொல்லையில கிடக்கு, புருஷன் பொண்டாட்டியைச் சந்தேகப்படுறான். அது அவ தம்பி மோதிரம். அந்த ஒரு வார்த்தையை அவ சொல்லியிருந்தா முதல் ரீல்லயே எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். சொல்ல மாட்டா. பதிவிரதை பேசப்படாது. காட்டுல அலையுறா, காய்ச்சல்ல கிடக்குறா, பிள்ளையைப் பறிகுடுக்கிறா, அப்பவும் சொல்ல மாட்டா. கடைசியில தம்பியே வந்து சொல்றான். புருஷன் மன்னிக்கிறான். கவனிச்சீகளா? அவன் மன்னிக்கிறான். அவ கால்ல விழுறா. வார்டன் அம்மா மூக்கைச் சிந்துறாக...

ஏன் அழல? எனக்குக் கோவம்தான் வந்துச்சு. அந்தப் படத்துல எனக்குப் பிடிச்ச ஆளு அந்த வீட்டு வேலைக்காரி ஒருத்திதான். எசமான் கத்தயில, குழம்பு கொதிக்குது, இறக்கி வச்சிட்டு வாரேன், அப்புறம் கத்துங்கன்னு சொல்லிட்டுப் போவாளே... ஹாஸ்யத்துக்குத்தான். அதைத்தான் நானும் சொல்றேன். ஹாஸ்யத்துக்கு வர்றவளை மட்டும்தான் பேச விடுறாக.

யாரு, எக்ஸ்சேஞ்சா?... ஆமா, பேசி முடியல. இன்னும் மூணு நிமிசம் குடுங்க... ஹலோ. இருக்கீகளா?

விஷயத்துக்குத்தான் வாரேன். மூணாவது படம். பாளையம்பட்டியில பாத்தது. அதுக்கு என்னை யாரு வரச் சொன்னா?... பக்கத்துல ஆள் இருக்காகளாக்கும். சரி, நானே சொல்றேன். சவுந்தரம் எங்க வீட்டுக்கு வந்தா. "மதினி, அண்ணன் திருச்சுழிக்கு வந்திருக்காக. நம்மளைப் படத்துக்கு வரச் சொன்னாக. பி.ஏ. படிச்ச பொண்ணு கதையாம், நீங்க கட்டாயம் பாக்கணுமாம்"னா. எனக்கு எம்புட்டு சந்தோசம் தெரியுமா? எங்க வம்சத்துல எழுத்துக் கூட்டிப் படிச்ச முதல் ஆளே நான்தான். என்னை மாதிரி ஒருத்தி கதையை எனக்குக் காட்டணும்னு ஒரு மனுசன் நெனச்சிருக்காகளேன்னு இருக்கிறதுலயே நல்ல சேலையைக் கட்டிக்கிட்டு வந்தேன். மணல்ல உக்காந்து வீணாப் போச்சு அந்தச் சேலை.

கதை என்ன? பி.ஏ. படிச்சவ கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு சைக்கிள் விடுவா. மாமியாரை இங்கிலீஷ்ல வைவா. அடுப்புப் பத்த வைக்கத் தெரியாது. நானும் பி.ஏ.தான். காஞ்ச பருத்தி மாரை ஒடிச்சு அடுப்புல வச்சு ஊதிக்கிட்டேதான் பரீட்சைக்குப் படிச்சேன். சைக்கிளைத் தொட்டதுகூட இல்ல. இந்த மாதிரி ஒரு பி.ஏ.வை எந்தப் படத்துலயும் காட்ட மாட்டாக... கதைதான். சரி, கதைன்னே வச்சிக்கிடுவோம். அந்தக் கதையில அவளுக்கு வச்சிருந்த வேலை ஒண்ணே ஒண்ணு, கடைசி ரீல்ல புருஷன் கையால அறை வாங்குறது. வாங்குன உடனே புத்தி வந்துருது. கண்ணாடியைக் கழட்டிட்டு வாசல் தெளிச்சுக் கோலம் போடுறா.

அறை விழுந்ததும் கொட்டகையே கைதட்டுச்சு. பொம்பளைக பக்கமும் தட்டுனாக, அதையும் சொல்லிறணும். எனக்குப் பக்கத்துல இருந்த அம்மா, இன்னும் ரெண்டு குடுத்திருக்கலாம்னு சொன்னாக...

அது கிடக்கட்டும். போதகர் உங்களையும் கேட்டாகளா?... கேட்டாகளா? எப்ப?... என்ன சொன்னீக?...

மதுரையில இருந்தேன்னா?

இதை எனக்கு யாரும் சொல்லல. உங்களைக் கேக்கவே இல்ல போலன்னு நெனச்சுத்தான் போன் போட்டேன். கேட்டா உள்ளதைச் சொல்லுவீகன்னு நெனச்சேன்... பாத்தவுக யாரும் இல்ல, ஆமா. எப்பிடிப் பாப்பாக? விளக்கை அணைச்ச பொறகுதான உள்ள வந்தீக. ஒத்த மெஷின் கொட்டகை, ரீலு மாத்துறப்பல்லாம் விளக்குப் போடுவாக. போட்டப்பல்லாம் நீங்க துண்டை எடுத்துத் தலையில போட்டுக்கிட்டீக. நடுவுல இருந்த தட்டி ஓட்டை வழியா சவுந்தரம்தான் காட்டுனா. ரெண்டு பேரும் சிரிச்சோம். மாப்பிள்ளைக்குக் கூச்சம்னு நெனச்சேன்...

மிரட்டல. சவுந்தரத்தைச் சாட்சிக்கு இழுக்க மாட்டேன், பயப்படாதீக. நான் கேட்டது என்ன? தப்புன்னா ரெண்டு பேருக்கும் தப்பு. நீங்க நின்னா நானும் நிக்கிறேன். போதகர் சொல்லிக் குடுக்கிறதை அப்பிடியே திருப்பிச் சொல்றேன். படத்தைப் பத்தி வாயைத் திறக்க மாட்டேன்... அம்மா வருத்தப்படுவாக. சரி... ஆபீஸ்ல பேசுவாக. சரி, சரி... ஆம்பளைப் பேரு கெட்டா அப்புறம் எடுக்க முடியாது. பொம்பளைப் பேரு?... ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும், ஆமா. எங்க அப்பாவும் அதைத்தான் சொல்றாக, எந்திரிச்சு நின்னுட்டு உக்காந்துரு தாயின்னு. அவுக பஞ்சு மூட்டை தூக்குறவுக. எல்லார் முன்னாலயும் தலையைக் குனிஞ்சு நின்னே பழகிட்டாக. அவுக சொல்லலாம். நீங்க சொல்லக் கூடாது.

என்னது?... வாக்குக் குடுத்திருக்கீகளா? போதகர்கிட்டயா?... "நான் சொன்னா அவ நிப்பா"ன்னு.

சரி. இன்னும் ஒண்ணு கேக்குறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அறை விழுந்து கைதட்டல் எல்லாம் ஓஞ்ச பொறகும், தட்டிக்கு அந்தப்பக்கம் ஒரு சிரிப்பு தனியாக் கேட்டுச்சு. நிச்சயத்தன்னைக்கு எங்க வீட்டுப் பந்தல்ல கேட்ட அதே சிரிப்பு. நீங்கதானே?... வேடிக்கையா இருந்துச்சு. சரி. சிரிச்சதுக்கு நான் சண்டைக்கு வரல. ஆனா அது நீங்க ஏற்கெனவே மதுரையில பாத்த படம்னு சவுந்தரம் சொன்னா... ஆமான்னுதான் சொல்லுங்களேன். பாத்த படத்தைத் திரும்பப் பாக்க பெட்ரோலுக்குப் பதிலா கரியில ஓடுற அந்தப் பஸ்ஸுல திருச்சுழியிலிருந்து வந்து, துண்டைப் போட்டு ஒளிஞ்சு உக்காந்து... எதுக்கு? என்னை எதுக்குக் கூப்பிட்டு அதைக் காட்டுனீக?...

சத்தமாச் சொல்லுங்க, லைன்ல இரைச்சலா இருக்கு...

பாத்து நானாவே புரிஞ்சிக்கிடுவேன்னு நெனச்சீகளா...

புரிஞ்சிருச்சு.

இல்ல, கோவமில்ல. கோவம் இருந்திருந்தா இன்னும் பேசியிருப்பேன்... அழல. நீங்க கேக்குறதுக்கு முந்தியே சொல்லிறேன், அழல. ஞாயித்துக்கிழமை நீங்க வர வேண்டாம். நானும் நிக்கப் போறதில்ல. ரெண்டாவது ஓலை வாசிக்க வேண்டாம்னு இப்பவே போதகர் வீட்டுல சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போறேன்...

யாரு பேருல தடையா? என் பேருல. பொண்ணு தடை சொல்லக் கூடாதுன்னு எங்கயும் எழுதல... காரணம் கேட்டா மாப்பிள்ளையைப் பிடிக்கலன்னு சொல்லுவேன். அதுக்குச் சாட்சி வேண்டாம்.

எங்க அப்பாவையா? அவுககிட்ட நான் சொல்லிக்கிடுறேன். ரெண்டு நாளு பேச மாட்டாக, சாப்பிட மாட்டாக. அப்புறம் சாப்பிடுவாக... கட்டுறதுக்கு ஆளு வராட்டி வராட்டும். பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு இன்னைக்கு நடத்துன பாடத்தை நாளைக்கும் நடத்துவேன்... நிதானமா யோசிக்கணுமா? நீங்க யோசிங்க...

இல்ல... இல்ல... அதை உங்க அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்...

பாய், மூலையில என் குடை இருக்கு பாருங்க, அதை இப்பிடிக் குடுங்க... ஒண்ணுமில்ல பாய், நல்லாத்தான் இருக்கேன்... வேண்டாம், போனை வைக்க வேண்டாம். அப்பிடியே மேசையில கிடக்கட்டும். அவுக இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காக. நான் வாரேன்.