சுடுகாட்டில் எடுக்கும் லைன்

பெக்கான் நானாஸ் பட்டணத்தில் ஒரு கைப்பேசிக் கடை. அரசாங்கச் சலுகையில் போன் வாங்க வந்தவர்களின் வரிசையில் நானும் நின்றேன். எந்தக் கம்பெனி லைன் என்பதை மட்டும் நாமே தேர்ந்தெடுக்கலாம். எனக்கு முன்னால் ஓர் அம்மாள். பக்கத்தில், இடது கை விளங்காத அவர் கணவர்.

"எந்தக் கம்பெனி லைன் வேணும், ஆன்ட்டி?" என்றாள் கவுண்டர் பெண்.

"சுடுகாட்டுல எது நல்லா எடுக்கும்?"

கவுண்டர் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"அலமாக்!" என்று பதறினாள். "ஏன் ஆன்ட்டி அப்படிக் கேக்குறீங்க?"

"எங்க எஸ்டேட்டு வீட்டுல எந்த லைனுமே எடுக்காதும்மா. சுடுகாடு மேட்டுல இருக்கு, அங்க ஏறுனாத்தான் எடுக்கும். போன வருஷம் இவரு குளிக்கிற எடத்துல விழுந்தப்ப, அங்க ஓடித்தான் ஆம்புலன்ஸக் கூப்பிட்டேன்."

அந்தப் பெண் மூன்று கம்பெனிகளின் சிக்னல் வரைபடங்களையும் திரையில் தேடிப் பார்த்தாள்.

"வீட்டுக்கு மூணுமே காட்டல, ஆன்ட்டி."

"தெரியும்லா. அதான் சுடுகாட்டக் கேட்டேன்."

கணவர் வாய் குழறச் சொன்னார்:

"அடுத்த தடவ நான் விழுந்தா ஓடாத, லெட்சுமி. நீ திரும்பி வர்ற வரைக்கும் தனியா கூரையவே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். பக்கத்துலயே இரு."

அம்மாள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருவரின் அடையாள அட்டைகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அப்ப எந்தக் கம்பெனி போடட்டும், ஆன்ட்டி?"

"எதையாவது போடும்மா."