எதிர் அறைக் கதவு

காலுக்குச் செருப்பு வாங்கப் போகிறவர்கூட இரண்டு கடை ஏறி இறங்கித்தான் வாங்குகிறார், இன்ஸ்பெக்டர் மேடம். மனசுக்கு ஆள் தேடி வருகிறவர்கள்தான் எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதற்குள் நுழைந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பல் வலித்தால் யாரிடம் போக வேண்டும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். வாழ்க்கையே வலித்தால் யாரிடம் போவது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எங்கள் மாடியில் அந்தக் குழப்பம் வராமல் பார்த்துக்கொண்டோம். ஒரே வரவேற்பறை, எதிரும் புதிருமாக இரண்டு கதவுகள். ஒன்று என்னுடையது. நான் லைஃப் கோச், வாழ்க்கைக்கு வழிகாட்டுகிறவன். இன்னொன்று ஆலோசகர் அம்மாவுடையது. அவர் தெரபி செய்பவர், முறையாகப் படித்தவர். வருகிறவரை எங்களில் யார் முதலில் பார்க்கிறோமோ, அவர் கொஞ்ச நேரம் பேசிப் பார்ப்பது வழக்கம். எங்கே போக வேண்டும் என்று தெரிகிறது, எப்படிப் போவது என்றுதான் தெரியவில்லை என்பவர் என்னிடம். தூக்கம் போய்விட்டது, நடந்துமுடிந்தது திரும்பத் திரும்பக் கண்ணில் வருகிறது, இல்லாத சத்தம் கேட்கிறது என்பவர் அவரிடம். அதில் எனக்கு மறுப்பே இருந்ததில்லை.

"கால் உடைஞ்சவனுக்கு ஓட்டப்பந்தயம் சொல்லித் தராதீங்க. முதல்ல என்கிட்ட அனுப்புங்க, கட்டுப் போட்டு உங்ககிட்டயே திருப்பி அனுப்பறேன்" என்று ஆலோசகர் அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார்.

அப்படி யாரும் திரும்பி வந்ததில்லை என்பது வேறு விஷயம். அவர் அனுப்பாமல் இல்லை, அவர்கள்தான் வருவதில்லை. குணமானவனுக்கு வழிகாட்டி எதற்கு? ஒருமுறை ஒரு வயலின் வாத்தியாரை அவரிடம் அனுப்பினேன். வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பேசிப் பேசி அந்தக் கதவுவரை கைபிடித்துக் கூட்டிப்போனது நான். பல மாதம் கழித்து அதே மனிதர் பூங்கொத்தோடு வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. பூங்கொத்தை என் கையில் கொடுத்தார். "கொஞ்சம் பிடிங்க, மேடம் உள்ள இருக்காங்களா பார்க்கறேன்" என்றார். நான் பிடித்துக்கொண்டு நின்றேன். இதைச் சம்பவம் என்றுகூடச் சொல்ல முடியாது. நீங்கள் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

கழுகு வந்தது அதற்கு அப்புறம்தான்.

கழுகு என்பது வேலையிடத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர். கட்டுமான வேலையில் டவர் கிரேன் ஓட்டுகிறவர். ஊரே எறும்பாகத் தெரியும் உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட சின்னக் கூண்டுக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற வேலை. கீழே ஒருவர் நின்று வாக்கிடாக்கியில் வழி சொல்வார். இடது, வலது, மெல்ல இறக்கு என்று. கழுகுக்கு வழி சொன்னவர் அவருடைய உயிர்த்தோழர். ஒருநாள் வார் அறுந்து கம்பிக்கட்டு அந்தத் தோழர் மேலேயே விழுந்தது. கழுகு மேலிருந்து, காலடிக் கண்ணாடி வழியாக, எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை என்று விசாரித்தவர்களே சொல்லிவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவரால் நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டக்கூட முடியவில்லை.

தங்கைதான் கூட்டி வந்தாள். அம்மா அப்பா இல்லாத வீடு. அண்ணனும் தங்கையும் மட்டும். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண், படபடவென்று பேசுவாள்.

"எங்க அண்ணனை உங்ககிட்ட காட்டணுமா, எதிர் ரூம் மேடம்கிட்ட காட்டணுமான்னு தெரியல சார். ரெண்டு போர்டையும் படிச்சுப் பார்த்தேன். எனக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு."

வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். தூங்குகிறாரா? இல்லை. சாப்பாடு? பெயருக்கு. வேறு ஏதாவது? தங்கை அண்ணனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "குழாயைத் திறந்தா அதுல அவன் பேசறான் சார். மெல்ல இறக்குடா, மெல்லன்னு."

இதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை. எங்கள் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும், இந்த ஆள் எந்தக் கதவுக்குப் போக வேண்டும் என்று. நானும் எழுந்துவிட்டேன், கூட்டிப் போக. அப்போது அவர் சொன்னார்: "எனக்குப் பைத்தியம் எல்லாம் இல்ல சார். நான் மறுபடியும் மேல ஏறணும். அது போதும் எனக்கு."

பாருங்கள் மேடம், அது ஓர் இலக்கு. தெளிவான, ஒரே வரி இலக்கு. பெரிய படிப்புப் படித்தவர்களிடம் அதை வாங்க எனக்கு வாரக்கணக்கில் ஆகும். நான் திரும்ப உட்கார்ந்தேன். "ஏத்திடலாம்" என்றேன்.

இரண்டாம் தடவை வந்தபோது ஆலோசகர் அம்மா அவரைப் பார்த்துவிட்டார். வரவேற்பறை சோபாவில் கழுகு காத்திருக்க, வாசல் காவலாளியின் வாக்கிடாக்கி கரகரவென்று இரைந்தது. கழுகு சோபாவின் கையைப் பிடித்த பிடியில் துணி கிழிந்தது. அவர் போன பிறகு ஆலோசகர் அம்மா என் அறைக்குள் வந்தார். உட்காரக்கூட இல்லை.

"அவர் என்கிட்ட வரணும். நாளைக்கு நாளன்னிக்குன்னு தள்ளாதீங்க."

"நானும் சொன்னேன். வேற டாக்டர்கிட்ட பார்த்துக்கிட்டிருக்காராம். இங்க தன்னம்பிக்கைக்காக மட்டும் வர்றார்."

"நிஜமாவா?"

"தங்கச்சியே சொன்னாங்க."

அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். என்னை நம்பினார். பத்து வருடமாக ஒரே வாசலில் செருப்பு விட்ட பழக்கம், நம்பாமல் என்ன செய்வார்? அவர் உங்களிடம் கொடுத்திருக்கும் வாக்குமூலத்தில் இது இருக்கும். நான் அப்படிச் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மைதான்; வேறு டாக்டர் யாரும் இல்லை. அவருக்குப் பொய் சொல்ல வராது.

கழுகிடமும் தங்கையிடமும் வேறு மாதிரி சொன்னேன். "எதிர் ரூம் மேடம் உங்களை அன்னிக்கு கவனிச்சுப் பார்த்தாங்க. இவருக்கு தெரபி எதுவும் தேவையில்லை, கோச்சிங்கே போதும்னுட்டாங்க." அவ்வளவு பெரிய ஆள், அப்படியே குலுங்கி அழுதார். சந்தோஷத்தில்தான். தனக்குப் பைத்தியம் இல்லை என்று படித்தவர் வாயால் வந்துவிட்டதே. அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தது நான் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. முதலில் படிக்கட்டு. பிறகு எங்கள் கட்டடத்து மொட்டைமாடி, அங்கே கைப்பிடிச் சுவர். பிறகு ரயில்பாதைக்கு மேலே போகிற நடைபாலம். ஒவ்வொரு இடத்திலும் நான் பக்கத்தில் நின்று, "கையை எடுங்க, பயம் கையிலதான் இருக்கு" என்பேன். வியர்வை சொட்டச் சொட்ட எடுப்பார். எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார், பரீட்சை பேப்பரை நீட்டிய பிள்ளை மாதிரி. என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை, மேடம்.

இடையில் தங்கை தனியாக வந்தாள். "சார், அண்ணன் தூங்கறதே இல்ல. குழாய்ல மட்டும் இருந்த குரல் இப்போ ஃபேன்லயும் கேக்குதாம். மேடம்கிட்ட ஒரே ஒரு தடவை பேசிப் பார்க்கட்டுமா?"

"வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது சாமானெல்லாம் கலைஞ்சு கிடக்கும். அதுக்காகப் பாதியில நிறுத்துவோமா?" என்றேன். "நீங்க பரிதாபப்படறதுதான் அவரைக் கீழ இழுக்குது. கொஞ்ச நாள் ஒண்ணும் கேக்காதீங்க. அவரா சொன்னாலும் காதுல வாங்காதீங்க."

சொன்னபடி கேட்கிற பெண். அண்ணன் பேச வாயெடுத்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாளாம். அவள் சொல்லித்தான் தெரியும்.

வேலையிடத்தில் அவரை மறுபடி ஏற்ற சைட் இன்ஜினியரிடம் நான்தான் பேசினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "டாக்டர் பார்த்தாச்சா?" நான் சொன்னதும் ஒன்றே ஒன்று: "பார்த்தாச்சு." அந்த மனிதரைத் தொந்தரவு செய்யாதீர்கள். நல்லவர், பிள்ளைகுட்டிக்காரர்.

இனி அந்தக் காலை. கழுகு என்னைக் கூட்டிப்போக எங்கள் கட்டடத்துக்கு வந்தார். சலவை செய்த சட்டை, புதிதாக மழித்த முகம். வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. பயம் என்று நினைத்தேன். சைட்டில் எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவர் முதுகில் தட்டி, "கழுகு, கூட்டை மறந்துட்டியோன்னு நினைச்சோம்யா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஏறிவிட்டார். நான் கீழே, இன்ஜினியர் பக்கத்தில், காதில் போனோடு நின்றேன். மேலே போய் என்னிடம் பேசுவதாக ஏற்பாடு.

"சார்."

"சொல்லுங்க. எப்படி இருக்கு?"

"காலைல உங்க மாடிப்படியில மேடத்தைப் பார்த்தேன் சார். எனக்கு தெரபி தேவையில்லைன்னு அவங்க சொன்னதுக்கு நன்றி சொன்னேன். அவங்க திகைச்சுப் போயிட்டாங்க. என்னைப் பத்தி அப்படி ஒண்ணும் சொல்லவே இல்லையாம். உடனே உள்ள வந்து உட்காருங்கன்னாங்க. நீங்க காத்துக்கிட்டிருப்பீங்களேன்னு வந்துட்டேன்."

இன்னொரு அழைப்பு வந்துகொண்டிருந்தது. திரையில் ஆலோசகர் அம்மாவின் பெயர். துண்டித்தேன்.

"சார், கை மரத்துப்போச்சு. அவன் இங்கதான் பேசறான். என்னால முடியல. நான் இறங்கி நேரா அவங்ககிட்டயே போயிடறேன். உங்க மேல கோவம் இல்ல சார்."

இன்ஜினியர் என் தோளைத் தொட்டார். "என்ன சொல்றார்?"

"ரொம்ப நல்லா இருக்காராம்" என்றேன். நாலு அடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன். அதனால் அடுத்துப் பேசியது யாருக்கும் கேட்டிருக்காது. நான் சொன்னால்தான் உண்டு.

"இறங்க வேணாம்" என்றேன். "இப்போ இறங்கினா ஆயுசுக்கும் ஏற மாட்டீங்க. கதவைத் திறந்து வெளித்தட்டுக்கு வாங்க."

கதவு திறப்பதைக் கீழிருந்து பார்த்தேன். போனில் காற்று இரைந்தது.

"வந்துட்டேன் சார்."

"சேஃப்டி பெல்ட்டைக் கழட்டுங்க."

"சார், இங்க கழட்டக் கூடாது சார்."

"பாலத்துல நான் சொன்னதை மறந்துட்டீங்களா? என்னை நம்பறீங்களா இல்லையா?"

அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "உங்களைத்தான் சார் நம்பறேன்" என்றார்.

"அப்போ கழட்டுங்க. கம்பியிலேர்ந்து கையை எடுங்க. ரெண்டு கையையும்."

விழுவார் என்று தெரியுமா என்று நீங்கள் மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். தெரியும். கை மரத்தவன், நாள்கணக்கில் தூங்காதவன், அந்தக் காற்றில் பிடி இல்லாமல் எவ்வளவு நேரம் நிற்பான்? தெரிந்துதான் சொன்னேன். இறங்கியிருந்தால் அந்தக் கதவுக்குள் போயிருப்பார். குணமாகியிருப்பார், அதிலும் சந்தேகம் இல்லை. பிறகு ஒருநாள் பூவோடு வந்திருப்பார்.

ஆனால் இதையும் பதிவு செய்யுங்கள். கையை எடுத்தபின் அவர் நின்றார். நடுக்கமே இல்லாமல் நிமிர்ந்து நின்றார். கீழே இருந்தவர்களில் நான் மட்டும்தான் கடைசிவரை கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

ஆலோசகர் அம்மா வண்டி பிடித்து ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. செருப்பைக்கூடப் போடாமல் வந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. செய்தி கேட்டு முன்பே ஓடி வந்திருந்த தங்கையைக் கட்டிப் பிடிக்கப் போனார். அவள் தள்ளிவிட்டு என்னிடம் வந்து அழுதாள். ஆலோசகர் அம்மா தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, தெரபி வேண்டாம் என்று தான் சொல்லவே இல்லை என இனி மாற்றிப் பேசுவார் என்று அவளுக்கு நான் ஏற்கெனவே விளக்கியிருந்தேன்.

அவளும் இப்போது தூங்குவதில்லை, மேடம். அண்ணன் பேச வந்தபோதெல்லாம் எழுந்து போனேனே என்று சுவரில் தலையை முட்டிக்கொள்கிறாளாம். போன வாரம் வந்து, "எனக்கு என்ன வேணும்னு தெரியல சார், நீங்களே சொல்லுங்க" என்றாள். ரொம்ப நேரம் யோசித்து, பாரபட்சம் இல்லாமல்தான் முடிவு சொன்னேன், கோச்சிங் என்று. நாளைக் காலை அவளுக்கு நேரம் கொடுத்திருக்கிறேன். நீங்கள் என்னை விடாவிட்டால் அவளுக்கு யாராவது தகவல் சொல்லிவிடுங்கள். ஆனால் தயவுசெய்து எதிர் அறைக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். என்னைத் தவிர அந்தப் பெண்ணுக்கு இப்போது யாரும் இல்லை.